அக்கேயோஜன் கவிழ்ந்ததில் அறிவியல் ஆலோசகர்களுக்குப் பங்கே இல்லையா?

எம்ஐசி மாணிக்கம்:
பக்கத்துத் திரியில் பாலு சார் தீர்ப்பே எழுதிவிட்டார்: "பிளாஸோமைசின் என்ற ஆன்டிபயாடிக்கைக் கண்டுபிடித்த அமெரிக்கக் கம்பெனி அக்கேயோஜன் 2019 ஏப்ரலில் திவாலானதற்குக் காரணம் சந்தை. அறிவியல் ஆலோசகர்கள் தங்கள் வேலையை ஒழுங்காகத்தான் செய்தார்கள்." எதை ஒழுங்காகச் செய்தார்கள்? அந்த மருந்தை நோயாளிகளிடம் சோதித்த கேர் ட்ரையலை எடுத்துக்கொள்ளுங்கள். கார்பபெனம் (மெரோபெனம் போன்ற வலுவான ஆன்டிபயாடிக் வகை) எடுபடாத கிருமி ரத்தத்திலோ நுரையீரலிலோ இருப்பவர்களுக்கு மட்டும். ஒரு பிரிவுக்கு பிளாஸோமைசின், இன்னொன்றுக்கு கொலிஸ்டின் என்ற பழைய மருந்து, கூடவே மெரோபெனம் அல்லது டிகெசைக்ளின். 2014-ல் ஆரம்பித்து 2016-ல் மூடும்போது இந்த ஒப்பீட்டில் சேர்ந்தவர்கள் 39 பேர். சலித்தது ஏறக்குறைய 2,000 பேரை, கிடைத்தது 39. இறப்பு 50 சதவீதத்திலிருந்து 30-க்கு இறங்குகிறது என்று காட்டவே ஒரு பிரிவுக்கு 90 பேருக்கு மேல் வேண்டும். இது முதல் கூட்டத்திலேயே போட்டுப் பார்க்க வேண்டிய கணக்கு. இதைக் கேட்பதற்கு இல்லையென்றால் ஆலோசகர் எதற்கு?

பங்குச்சந்தை பாலு:
39 இல்லை, 37. என்இஜேஎம் மருத்துவ இதழில் வந்த முடிவைத் திறந்து பாருங்கள். பிளாஸோமைசின் 17-ல் 4, கொலிஸ்டின் 20-ல் 10. 17-ம் 20-ம் 37. எண்ணையே தப்பாகப் போட்டுவிட்டு அடுத்தவருக்குக் கணக்குச் சொல்லித் தருகிறீர்கள். மரணமோ பெரிய சிக்கலோ 50 சதவீதத்திலிருந்து 24-க்கு வந்திருக்கிறது. இப்படி ஒரு மருந்தைத் தேர்ந்தெடுத்துக் கொடுத்த ஆலோசகர்களைக் குறை சொல்ல மனசு எப்படி வருகிறது? கம்பெனியைக் கொன்றது விற்பனை. 2018-ல் அனுமதி வந்த பிறகு அந்த வருடம் மருந்தை விற்று வந்த வருமானம் பத்து லட்சம் டாலரைக்கூடத் தொடவில்லை. அமெரிக்க ஆஸ்பத்திரிக்கு ஒரு அட்மிஷனுக்கு இவ்வளவு என்று மொத்தமாகத்தான் பணம் வரும். விலை கூடின ஆன்டிபயாடிக்கை எழுதினால் அது ஆஸ்பத்திரியின் கைக்காசு. இதில் ஆலோசகர் என்ன செய்ய முடியும்?

எம்ஐசி மாணிக்கம்:
சேர்த்துக் குலுக்கிப் பிரித்தது 39 பேரை. அதில் கிருமி உறுதியானவர்கள் 37. ட்ரையல் எவ்வளவு ஆளைப் பிடித்தது என்று பேசும்போது 39 தான். உங்கள் 17-ல் 4 பற்றியும் சொல்லிவிடுகிறேன். இரண்டே இரண்டு பேருக்கு முடிவு மாறியிருந்தால் 24 சதவீதம் 35 ஆகிவிடும். இதைத் தூக்கிக்கொண்டு மருந்துக்கு அனுமதி தரும் அமெரிக்க எஃப்டிஏ-விடம் போகலாம் என்று சொன்னது யார்?

ஐசியூ ராஜா:
ட்ரையல் ஏன் நிரம்பாது என்பதை வார்டில் நிற்கிறவனிடம் கேளுங்கள். ரத்தக் கல்ச்சர் போட்ட முதல் நாள் கிராம் ஸ்டெயின் மட்டும், அதாவது சாயம் போட்டுப் பார்த்த கிருமியின் வகை. இரண்டாம் நாள் கிளெப்சியெல்லா என்று பெயர் தெரியும். கார்பபெனம் எடுபடாது என்று அறிக்கை வர மூன்றாம் நாள். அதற்குள் கொலிஸ்டின் ஓடிக்கொண்டிருக்கும். எடுபடுகிற மருந்து ஏற்கெனவே சில டோஸ் போய்விட்டால் ட்ரையலுக்குத் தகுதி போச்சு. நோயாளி வென்டிலேட்டரில் கிடப்பார், சம்மதக் கையெழுத்துக்குச் சொந்தக்காரர் வர வேண்டும். இதையெல்லாம் தாண்டி வருகிறவர் விரல்விட்டு எண்ணுகிற அளவுதான். ஆலோசகர் குழுவில் ஐசியூ ஆளை உட்கார வைக்காமல் கெமிஸ்ட்ரி பிஹெச்டிகளை மட்டும் வைத்தால் இப்படித்தான்.

அப்புறம், 39-ம் இல்லை, 37-ம் இல்லை. ஒப்பீடு இல்லாத இரண்டாவது தொகுதியில் 30 பேர். மொத்தம் 69.

எம்ஐசி மாணிக்கம்:
ஒப்பீடே இல்லாத 30 பேரை எதற்கு இதில் கூட்டுகிறீர்கள் டாக்டர்? 39.

தாரிணி:
பிஹெச்டி என்றால் இளப்பமா ராஜா சார்? போன மாதம் ஃபாஸ்ஃபோமைசின் திரியிலும் இதே பேச்சுதான்.

ஆலோசகர்களின் உண்மையான வேலை ட்ரையலுக்கு வெகு முன்னால் முடிந்துவிடுகிறது. ஜிஎஸ்கே 2251052 என்ற சோதனை மருந்தை நினைத்துப் பாருங்கள். கிருமி புரதம் கட்டத் தேவையான லியூசில் டிஆர்என்ஏ சிந்தடேஸ் என்ற என்சைமைத் தடுக்கும் போரான் மருந்து, அனகோர் கம்பெனி தொடங்கியது. 2012-ல் சிறுநீர்த் தொற்று ட்ரையலை நிறுத்தினார்கள். 14 பேரில் 3 பேருக்கு சிகிச்சை நடக்கும்போதே கிருமி தப்பித்துக்கொண்டது. ஒரே என்சைம், ஒரே ஜீன், ஒரு மாற்றம் போதும். இதை எங்கே பிடிக்க வேண்டும்? எம்ஐசி, அதாவது கிருமி வளர்ச்சியை நிறுத்தும் மிகக் குறைந்த மருந்தளவு, அதைப் போல 4 மடங்கு மருந்து கலந்த அகார் கூழில் நூறு கோடி, ஆயிரம் கோடி செல்லைப் பரப்பி 48 மணி நேரம் வைத்து எத்தனை காலனி முளைக்கிறது என்று எண்ண வேண்டும். அதோடு நின்றால் போதாது. ஹாலோ ஃபைபர் என்ற ஆய்வகக் கருவியில் மனித உடலில் மருந்து ஏறி இறங்குகிற அதே வளைவை ஓட்டி, தொடக்கக் கிருமி எண்ணிக்கையைக் கூட்டி வைத்து, ஒரு வாரத்துக்கு மேல் பார்க்க வேண்டும். முதல் இரண்டு நாள் எல்லாம் அழகாகச் செத்துப்போகும், அதன் பிறகுதான் எதிர்ப்புள்ளவை தலைதூக்கும். 24 மணி நேர வரைபடத்தைப் பார்த்துத் தலையாட்டுகிற ஆலோசகர்கள் ஆபத்து. எந்தக் கம்பெனியிலும் இந்தக் கேள்வியை முதலில் கேட்பவர்தான் தேவை.

பங்குச்சந்தை பாலு:
சப்ஜெக்ட் அக்கேயோஜன் மேடம். ஆலோசகர்கள் 2018 மே மாதம் 15-க்கு 0 என்று ஓட்டுப் போட்டு மருந்தை ஏற்றார்கள். 15-0! இதற்கு மேல் என்ன வேண்டும்? ஆதாரம் 37 பேரோடு நிற்கவில்லை, எபிக் ட்ரையலில் 609 பேர்.

எம்ஐசி மாணிக்கம்:
அது எஃப்டிஏ கூட்டிய வெளிக்குழு. கம்பெனி சம்பளம் கொடுத்து வைத்த குழு இல்லை. அந்த 15-0 சிக்கலான சிறுநீர்த் தொற்றுக்கு மட்டும். அதே நாள், அதே மேசையில் ரத்தத் தொற்றுக்கு விழுந்த ஓட்டு 4-க்கு 11, எதிராக. ஏன் அதை எழுதவில்லை? முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறீர்கள். 2018 ஜூனில் எஃப்டிஏ சிறுநீர்த் தொற்றுக்குக் கொடுத்தது, ரத்தத் தொற்றை மறுத்தது. காரணம் அந்த 39.

பங்குச்சந்தை பாலு:
எந்தக் குழுவாக இருந்தால் என்ன, ஆலோசகர் ஆலோசகர்தான். 37.

ஐசியூ ராஜா:
609 பேர் எதைக் காட்டினார்கள்? மெரோபெனமே வேலை செய்கிற சிறுநீர்த் தொற்றில் பிளாஸோமைசின் அதற்குச் சளைத்ததில்லை என்று. மெரோபெனம் கைவசம் இருக்கும்போது கிட்னி, காது எச்சரிக்கை கட்டம் கட்டிப் போட்ட, அமினோகிளைகோசைட் வகையைச் சேர்ந்த பிளாஸோமைசினை யார் எழுதுவார்? ஒரு கிலோவுக்கு 15 மில்லிகிராம், நாளுக்கு ஒருமுறை. கிட்னி கொஞ்சம் தளர்ந்திருந்தால் அடுத்த டோஸுக்கு முன் ரத்த அளவு பார்த்து, மில்லிலிட்டருக்கு 3 மைக்ரோகிராமோ அதற்கு மேலோ இருந்தால் இடைவெளியை ஒன்றரை மடங்காக நீட்ட வேண்டும். 24 மணி 36 ஆகும். அந்த டெஸ்ட் இல்லாத ஆஸ்பத்திரியில் மருந்து ஃப்ரிட்ஜில் தூங்கும். இதையும் சந்தைக் கணக்கில் எழுதுவீர்களா பாலு?

தாரிணி:
நம் ஊருக்கு இதைவிடப் பெரிய ஓட்டை உண்டு, யாரும் தொடவில்லை. சிசோமைசின் என்ற பழைய அமினோகிளைகோசைடை எடுத்துப் பக்கச் சங்கிலிகளை மாற்றி, அமினோகிளைகோசைடைச் சிதைக்கும் என்சைம்களில் பெரும்பாலானவை ஒட்ட முடியாதபடி செய்தார்கள். அருமையான வேதியியல். ஆனால் 16எஸ் ஆர்ஆர்என்ஏ மெத்திலேஸ் என்ற இன்னொரு என்சைம், அதாவது ஆர்ம்ஏ, ஆர்எம்டி வகைகள், மருந்தை விட்டுவிட்டு, கிருமி புரதம் கட்டும் ரைபோசோமில் மருந்து உட்காரும் இடத்தையே மாற்றுகிறது. அங்கே பிளாஸோமைசினும் கைவிரிக்கும். கார்பபெனத்தைச் சிதைக்கும் என்டிஎம் என்சைமைச் சுமக்கும் கிருமிகளில் இந்த ஜீன் பல நேரம் கூடவே வருகிறது. கார்பபெனத்தைச் சிதைக்கும் வேறொரு என்சைமான கேபிசி-யைச் சுமக்கும் அமெரிக்கக் கிருமிக்குப் பொருத்தமானது இந்தியாவுக்கு அப்படியே பொருந்தாது. திவாலுக்குப் பின் உரிமையின் பெரும்பகுதியை வாங்கியது சிப்லா. இங்கே எழுதுவதற்கு முன், அமிகாசின் என்ற இன்னொரு அமினோகிளைகோசைடின் எம்ஐசி பார்க்க வேண்டும். 256-க்கு மேல் என்றால் மெத்திலேஸ் என்று சந்தேகிக்க வேண்டும்.

ஐசியூ ராஜா:
அமிகாசின் எம்ஐசி-யை எண்ணாகத் தருகிற லேப் எத்தனை என்று பிஹெச்டி மேடம் முதலில் சொல்லட்டும். பாதி இடத்தில் எஸ் (எடுபடும்), ஆர் (எடுபடாது) என்று ஒற்றை எழுத்துதான் வரும்.

தாரிணி:
லேபிடம் கேட்டு வாங்குவது டாக்டரின் வேலை. ஒற்றை எழுத்தை வைத்துக்கொண்டு மருந்து எழுதுகிறவர் யார்?

பங்குச்சந்தை பாலு:
அக்கேயோஜன் ஆலோசகர்கள் என்ன சொன்னார்கள் என்பதற்கு உங்களில் ஒருவரிடமாவது கூட்டக் குறிப்பு இருக்கிறதா? இல்லை. அப்படியிருந்தும் குற்றப்பத்திரிகை. மருந்து ஆராய்ச்சிக்கு நிதி தரும் அமெரிக்க அரசு அமைப்பான பார்டாவே பணம் போட்டது. அவர்களுக்கும் கணக்குத் தெரியாதா மாணிக்கம்?

எம்ஐசி மாணிக்கம்:
பார்டா பணம் போட்டால் ஆலோசகர் வாயை மூடிக்கொள்ள வேண்டுமா? கூட்டக் குறிப்பு தேவையில்லை, தேதி போதும். எபிக் 2016 ஜனவரியில் ஆரம்பித்து செப்டம்பரில் 609 பேரைச் சேர்த்து முடித்துவிட்டது. ஒன்பது மாதம். கேர் அதற்கு முன்பே 2014-லிருந்து பணத்தைத் தின்றுகொண்டிருந்தது. முதல் ஆறு மாதச் சேர்க்கையைப் பார்த்த அன்றே எபிக்கைத் தொடங்கச் சொல்லியிருந்தால் பல மாதம் மிச்சம், அந்த மாதங்களின் காசும் மிச்சம். சொன்னார்கள், நிர்வாகம் கேட்கவில்லை என்றால் ராஜினாமா செய்ய வேண்டும். பங்கு ஆப்ஷனை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவரை ஆலோசகர் என்று நான் சொல்ல மாட்டேன். இரண்டு வருடம், 39 பேர்.

பங்குச்சந்தை பாலு:
37.

ஐசியூ ராஜா:
69. தாரிணி மேடம், லேப் கேள்விக்கு இன்னும் பதில் வரவில்லை.