இனப்படுகொலையா, இனவழிப்பா, கருவறுப்பா?

பள்ளி ஆசிரியை:
அன்புடையீர், வணக்கம். ருவாண்டாவில் 1994 ஏப்ரலில் தொடங்கி, ஏறத்தாழ நூறு நாள்களில் எட்டு இலட்சம் பேர் கொல்லப்பட்டதன் காரணங்களையும் விளைவுகளையும் பதினொன்றாம் வகுப்புக்கு விளக்கும் பாடக்குறிப்பு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போக வேண்டும். ‘இனப்படுகொலை’ என்றுதான் எழுதியிருந்தேன். 1948ஆம் ஆண்டின் ஐ.நா. உடன்படிக்கை குறிப்பிடும் ஐந்து செயல்களைக் கரும்பலகையில் எழுதியபோது, ஐந்தாவதைக் காட்டி, “பிள்ளைகளைப் பிடுங்கி வேறு கூட்டத்தாரிடம் கொடுப்பது எப்படி டீச்சர் கொலையாகும்?” என்று ஒரு மாணவி கேட்டாள். ஆங்கில ‘ஜெனோசைடு’ (genocide) என்பதற்குப் பொருத்தமான சொல் வேண்டும்.

மொழிபெயர்ப்பாளர்:
ஈழத்து எழுத்துகளில் பழகிய ‘இனவழிப்பு’ இருக்கிறதே. ‘அழிவு’ தானாக நேர்வது. ‘அழிப்பு’ ஒருவர் செய்வது. அழிக்கும் நோக்கமே அக்குற்றத்தின் உயிர்நாடி என்பதால், இந்தப் பிறவினை வடிவம் சட்டத்துக்கு மிக நெருக்கமானது.

ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:
‘படு’ என்பதைப் படுபாவி, படுகிழவி போல மிகுதிப்பொருளில் கொள்கிறார்கள். நடுகற்களில் ‘பட்டான்’ என்றால் இறந்தான் என்று பொருள். அவ்வழியே பார்த்தால் ‘படுகொலை’யில் சாவு இரண்டு முறை வருகிறது. ‘கருவறுத்தல்’ என்னும் நல்ல தமிழ்ச்சொல் இருக்க, நாம் ஏன் ஒட்டுப்போட வேண்டும்? பிறப்பைத் தடுக்கும் நான்காவது செயலும் ‘கருவறுப்பு’க்குள் தானே அடங்கிவிடும்.

மொழிபெயர்ப்பாளர்:
ஐயா, மாணவர்கள் அதைக் கருக்கலைப்பு என்று படிப்பார்கள். தூய்மை பேசுகிறோமே, 1944இல் மூலச்சொல்லை ஆக்கிய இரபேல் இலெம்கின் கிரேக்க முன்பாதியையும் இலத்தீன் பின்பாதியையும் ஒட்டவைத்துத்தான் அதைச் செய்தார்.

வழக்கறிஞர்:
பின்பாதிக்கே சண்டையிடுகிறோம்; எனக்கு உறுத்துவது நம் சொல்லின் முன்பாதியான ‘இனம்’. ருவாண்டாவின் இரு பிரிவினரான ஊட்டுக்களும் துட்சிகளும் பேசியது ஒரே கின்யருவாண்டா மொழி; சமயத்தாலும் அவர்களைப் பிரிக்க இயலாது. பெல்சிய ஆட்சி 1930களில் கொடுத்த அடையாள அட்டைதான் இன்னார் இன்னார் என்று எழுதி நிலைநிறுத்தியது. 1994இல் சாலைத் தடுப்புகளில் அந்த அட்டையைப் பார்த்தே துட்சிகளைக் கொன்றார்கள். ருவாண்டா ஊர்த்தலைவர் அக்காயேசு மீதான வழக்கில் 1998 செப்டம்பர் 2 அன்று தீர்ப்பளித்த, ஐ.நா. அமைத்த அருசா தீர்ப்பாயமும், துட்சிகள் தனி இனமா என்ற கேள்விக்கு விடை தேடுகையில் அந்த அட்டையைக் கணக்கில் கொண்டது. ‘இனம்’ என்றதும் இயற்கையான பிரிவு என்று மாணவர் எண்ணிவிட்டால், காரணங்களைப் பற்றிய பாடமே கெட்டுவிடும். திருக்குறளின் ‘சிற்றினம் சேராமை’ அதிகாரத்தில் ‘இனம்’ கூடிப் பழகும் கூட்டத்தைத்தானே குறிக்கிறது? அந்தப் பொருளை இன்று மீட்க முடிந்தால் எவ்வளவு நன்றாயிருக்கும்!

பள்ளி ஆசிரியை:
‘இனவழிப்பு’ என்று இன்று வகுப்பில் சொல்லிப் பார்த்தேன். கடைசி வரிசைப் பையன் கரும்பலகை அழிப்பானைத் தூக்கிக் காட்டினான். சிரிப்பு அடங்கச் சற்று நேரமானது. தேர்வுத்தாளில் வரும் சொல் என்பதால் தலைப்பில் ‘இனப்படுகொலை’யை அப்படியே வைத்துக்கொண்டு, உடன்படிக்கையை விளக்கும் பத்திகளில் மட்டும் ‘இனவழிப்பு’ என்று எழுதுகிறேன். அட்டையின் கதையைத் தனிப் பத்தியாகவே சேர்த்துவிட்டேன்.

மொழிபெயர்ப்பாளர்:
ஒரே பாடத்தில் இரண்டு சொற்களா? சரி, உடன்படுகிறேன், நாளும் இல்லை.

ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:
அச்சேறட்டும். ‘படு’வைப் பற்றி நான் சொன்னதற்கு மட்டும் இன்னும் ஒருவரும் மறுமொழி தரவில்லை.