வில்லுக்கத்தி வாய் திரும்பத் திரும்ப உடையுது, அவசரம்

உப்புவெளிப்_பொடியன்
மடக்குற கத்தி வாங்கி மூண்டு மாசம் கூட ஆகேல்ல, வாயில பல்லு விழுந்திட்டு. தீட்டினா சரியாகுது, ரெண்டு நாளில திரும்ப அதே கதை, கயிறு வெட்டேக்க நார் அந்தப் பல்லில கொழுவி நிக்குது. ஸ்டீல் கூடாதா? வேற வாங்கிறதா? நாளைக்கு விடிய கடலுக்குப் போகோணும், ஆராவது டக்கெண்டு சொல்லுங்கோ

கொட்டியார்_காத்து
என்ன ஸ்டீல் தம்பி? என்ன வெட்டுறனீங்கள்? திறந்த பிளேட்டைப் பூட்டிற லொக் இருக்கா இல்லாட்டி இறுக்கிப் பிடிக்கிற வில்லு மட்டுமா? படம் ஒண்டு போடுங்கோ. சாத்திரம் பாக்கிற ஆக்கள் இல்லை நாங்கள்.

சீனன்குடா_ராசன்
படமெல்லாம் தேவையில்லை, உப்புத்தான். எங்கட பக்கம் கதவுப் பிணைச்சலே மூண்டு வருசம் நிக்கிறேல்ல. கறள் வாயைத் தின்னும், தின்ற இடம் உடையும், அவ்வளவுதான். நான் எச்1 ஸ்டீல் கத்தி ஒண்டு வச்சிருக்கிறன், வெளிநாட்டிலயிருந்து மச்சான் கொண்டந்தது. அதில காபன் நல்லாக் குறைவு, நைதரசன் சேர்த்தது, உப்புத்தண்ணியில போட்டு வச்சாலும் ஒரு புள்ளி வராது.

சாணைக்கல்
இந்தக் கேள்வி மாசத்தில நாலுதரம் வருது, பழசைத் தேடி வாசிக்கிற பழக்கம் ஒருத்தருக்கும் இல்லை. ராசன், கறள் தின்றா பள்ளத்தைச் சுத்திக் கறுத்தப் புள்ளி கிடக்கும். தம்பி அதைப் பற்றி ஒண்டும் சொல்லேல்ல, நீங்கள் ஏற்கெனவே மருந்து எழுதிட்டீங்கள். எச்1 கறள் பிடிக்காது, ஓம். ஆனா நேர் வாயில கூர் கனநாள் நிக்காது, அதையும் சேர்த்துச் சொல்லோணும்.

உப்புவெளிப்_பொடியன்
பிளேட்டில 8சிஆர்13எம்ஓவி எண்டு அடிச்சிருக்கு. லொக் இல்லை வில்லு மட்டும். நைலோன் கயிறு, தூண்டிலுக்கு இரை, சிலநேரம் டின்மீன் உடைக்கிறது. கறுத்தப் புள்ளி இல்லை

கொட்டியார்_காத்து
டின்மீனா!!! 😂

சீனன்குடா_ராசன்
டின் உடைச்சா டி2 ஸ்டீலும் உடையும் விஜி-10 ஸ்டீலும் உடையும். கேஸ் முடிஞ்சுது.

உப்புவெளிப்_பொடியன்
டின் முனையாலதான் குத்துறது அண்ணா, முனை நல்லா இருக்கு

சாணைக்கல்
8சிஆர்13எம்ஓவி எண்டா காபன் 0.8 வீதம் அளவு, குரோமியம் 13. கயிறு வெட்ட அது தாராளம். கனபேர் டி2 வாங்கு எண்டுவினம், அதில காபன் 1.5, குரோமியம் 12, ஆனா குரோமியத்தில பெரிய பங்கு காபனோட சேர்ந்து காபைட் எண்ட கெட்டித் துகளாப் போயிடும், மிச்சம் கறளைத் தடுக்கக் காணாது. போட்டில கொண்டு திரியிறவனுக்கு டி2 எண்டா தலையிடி. இதை நான் முந்தியும் எழுதினனான். தம்பி, கிரைண்டரில பிடிச்சனீங்களா?

உப்புவெளிப்_பொடியன்
ஓம் ரெண்டு மாசத்துக்கு முதல் சந்தையடியில ஒருத்தரிட்டக் குடுத்தனான். அவர் மெசினில பிடிச்சுத் தந்தவர்

சீனன்குடா_ராசன்
அப்ப அதுதான், வாய் எரிஞ்சு போச்சு.

சாணைக்கல்
எரிஞ்சா வாயில மஞ்சளோ நீலமோ நிறம் தெரியும், திரும்பத் தீட்டினா நிறம் போயிடும், அதால நிறம் இல்லை எண்டதை வச்சும் தீர்ப்புச் சொல்லேலாது. ஆனா சூட்டில தோய்ச்சல், அதாவது இரும்புக்கு ஏத்தின கெட்டித்தன்மை, போன இரும்பு மெத்தையாகும், மடியும், உடையிறது குறைவு. தம்பி, நகத்தை வாயில மெல்லமாக் குறுக்க இழுத்துப் பாருங்கோ. உடைஞ்சிருக்கா, ஒரு பக்கம் சரிஞ்சிருக்கா?

கிண்ணியா_நானா
ஒரு சின்னக் கேள்வி, எல்லாரும் ஸ்டீலில ஏறி நிக்கிறீங்க. தம்பி, பல்லு விழுறது ஒவ்வொரு தரமும் அதே இடத்திலயா?

உப்புவெளிப்_பொடியன்
ஓம் நானா அதே இடம், முனையில இருந்து ரெண்டு விரல் தள்ளி. சொல்ல மறந்திட்டன். உடைஞ்ச மாதிரி இல்லை, தட்டையா நசிஞ்ச மாதிரி

கிண்ணியா_நானா
அதைத்தானே முதல் சொல்லியிருக்கோணும் மகன் 🙂 கத்தியை மூடேக்க வில்லு இழுத்து டக்கெண்டு விழுதா? அப்ப வாய் போய் உள்ளுக்குக் கிடக்கிற வில்லுத் தகட்டில இடிக்குது. கூர் தொடங்குற இடத்துக்குக் கீழ, தீட்டாம விட்ட ஒரு சின்ன முட்டு இருக்கும் பாருங்க, மூடினாப் பிறகு அதுதான் வில்லில தங்கி நிண்டு வாயைத் தூக்கிப் பிடிக்கிறது. சந்தையடி ஆள் வாயோட சேர்த்து அந்த முட்டையும் மெசினில தேய்ச்சிருப்பார். முட்டு தேஞ்சா பிளேட் கீழ இறங்கும்.

சோதிக்கிறது லேசு. கொப்பிக் கடதாசியில ஒரு மெல்லிய துண்டு கிழிச்சு, பிடியின்ட உள்பள்ளத்தில நீளப்பாட்டுக்கு வச்சுக்கொண்டு, மூடேக்க மற்ற நாளையில விடுற மாதிரியே விடுங்க. கடதாசி அந்த இடத்தில வெட்டுப்பட்டா நான் சொன்னது சரி.

சீனன்குடா_ராசன்
நல்ல ஸ்டீலெண்டா இடிச்சாலும் தாங்கும்.

கிண்ணியா_நானா
இரும்பில இரும்பு இடிச்சா எது தாங்கும் ராசன்.

ஓசில்_கொல்லன்
எங்கட அப்பப்பா லொறி வில்லுத் தட்டில அடிச்ச கத்தி இப்பவும் வீட்டில கிடக்கு. மடக்கிற சங்கதியே இல்லை, ஒரு மரப்பிடி. முட்டு இல்லை, வில்லு இல்லை, பிரச்சினையும் இல்லை. தேங்காய் எண்ணெய் பூசி வச்சாக் கறளும் வராது.

சாணைக்கல்
தேங்காய் எண்ணெய் மடக்குற கத்தியில விட்டா ஆறு மாசத்தில மூட்டு பிசுபிசுத்து, மணலையும் சேர்த்துப் பிடிச்சுக்கொள்ளும். தையல் மெசின் எண்ணெய் விடுங்கோ.

ஓசில்_கொல்லன்
தையல் மெசின் எண்ணெய் விட்ட கத்தியால மாங்காய் வெட்டித் தின்பீங்களா ஐயா?

சாணைக்கல்
துடைச்சிட்டு வெட்டிறது. துணி எண்டு ஒரு சாமான் இருக்கு.

ஓசில்_கொல்லன்
அப்ப தேங்காய் எண்ணெயையும் துடைக்கலாம்தானே

கொட்டியார்_காத்து
தம்பி எங்க போட்டார்? கடதாசி என்னாச்சு?

உப்புவெளிப்_பொடியன்
கடதாசி வெட்டுப்பட்டிட்டு நானா. அதே இடம். ரெண்டுதரம் பாத்தன். இனி என்ன செய்ய

கிண்ணியா_நானா
இன்டைக்கு ஒண்டும் செய்யாதீங்க. கடலில மூடேக்க பெருவிரலால பிளேட்டைப் பிடிச்சு மெல்ல இறக்குங்க, விடாதீங்க. வந்தபிறகு கல்லில முழு வாயையும் ஒரே சீராத் தேய்ச்சு இறக்குங்க, பல்லு விழுந்த இடத்தை மட்டும் தேய்ச்சா வாய் குழிஞ்சிடும். தேய்ச்சுத் தேய்ச்சுக் கடதாசியை வச்சுப் பாருங்க, வெட்டுப்படாம வந்ததோட நிப்பாட்டலாம். முட்டில கல்லுப் படக்கூடாது, அதுக்கு டேப் சுத்துங்க. சிலபேர் பள்ளத்தில செருப்புத் தோல் ஒட்டுவாங்க, உங்களுக்கு அது சரிவராது, தோல் உப்புத்தண்ணியைக் குடிச்சு வச்சிருக்கும்.

சாணைக்கல்
நானும் அதைத்தான் சொல்ல வந்தனான்.

கிண்ணியா_நானா
சரி ஐயா.

உப்புவெளிப்_பொடியன்
நன்றி நானா போட் வெளிக்கிடுது

சீனன்குடா_ராசன்
இருந்தாலும் அடுத்தமுறை வாங்கேக்க எச்1 பாருங்கோ.

ஓசில்_கொல்லன்
சாணைக்கல் ஐயா, மாங்காய்க் கேள்விக்கு இன்னும் பதில் வரேல்ல.