முதல் பிக்கப், கடைசி டிராப்

திருவொற்றியூர்க்காரன்:

ஆபீஸ் கேபுல முதல் ஆளா ஏறி, கடைசி ஆளா இறங்குறவங்க இங்க எத்தனை பேர்? நான் தேரடி, ஆபீஸ் சோழிங்கநல்லூர். 30 கிலோமீட்டருக்கு மேல. 9 மணி ஷிஃப்டுக்கு 6.15-க்கே வண்டி தெருமுனையில நிக்கும். தண்டையார்பேட்டையில ஒருத்தர், மிண்ட்ல ஒருத்தர், மயிலாப்பூர்ல ஒருத்தர்னு பொறுக்கிட்டுப் போறதுக்குள்ள நான் ரெண்டு கனவு கண்டு முடிச்சிருப்பேன். அதே டீம்ல துரைப்பாக்கத்துப் பையன் எட்டரைக்குத்தான் குளிக்கவே போவான்.

2020 மார்ச்ல லேப்டாப்பைக் கையில குடுத்து வீட்டுக்கு அனுப்பினப்ப லாட்டரி அடிச்ச மாதிரி இருந்துச்சு. ஒரு வாரம்தான். எங்க வீடு ஒரு ஹால், ஒரு சமையல்கட்டு. மேசை கிடையாது. அரிசி டிரம் மேல லேப்டாப்பை வச்சு, எதிர்ல ஸ்டூல் போட்டு உக்காந்தேன். அப்பாவுக்கு செக்யூரிட்டி வேலை, நைட் டியூட்டி. பகல்ல அதே ஹால்ல பாய் விரிச்சுத் தூங்குவாரு. நான் மீட்டிங்ல வாயைத் திறந்தா அவர் புரண்டு படுப்பாரு. குக்கர் விசில் கேட்டுடும்னு அம்மா விடியக்காலை நாலு மணிக்கே சமைச்சு முடிச்சிடுவாங்க. நான் சொல்லல, அவங்களா செஞ்சது. ஒருநாள் இட்லிக்கு ஊறப்போட அரிசி எடுக்கணும். நான் முக்கியமான ஒரு கால்ல இருந்தேன். படியைக் கையில வச்சுக்கிட்டு அரைமணி நேரம் கதவோரமா நின்னாங்க. அன்னைக்கு என்ன பேசினோம்னு சுத்தமா மறந்துபோச்சு, அந்தப் படிதான் ஞாபகம் இருக்கு.

அப்புறம் வாரம் மூணு நாள் ஆபீஸ்னாங்க. எல்லாரும் முகம் சுளிச்சாங்க. எனக்கு ஏசி, எனக்கே எனக்குன்னு ஒரு மேசை. சந்தோஷமாத்தான் போனேன். மேனேஜர்கிட்ட ஒண்ணே ஒண்ணுதான் கேட்டேன்: எங்க உக்காரணும்னு நீங்க சொல்லுங்க, நேரத்தை மட்டும் 11-லருந்து 8-ன்னு மாத்திக் குடுங்க. அந்த நேரத்துக்கு கேப் கிடையாதுன்னார். பரவாயில்ல. மெட்ரோதான் 2021-லயே விம்கோ நகர் வரைக்கும் வந்துடுச்சே. தேரடியில ஏறினா கிண்டி, அங்கருந்து பஸ். வீடு திரும்ப ராத்திரி 10 தாண்டுது. ஆனா காலையில அப்பா டியூட்டி முடிஞ்சு வர்றப்ப ரெண்டு பேரும் ஒண்ணா டீ குடிக்கிறோம்.

(2023 டிசம்பர், மிக்ஜாம் புயல். 'எல்லாரும் வீட்டிலிருந்தே வேலை பாருங்க'ன்னு மெயில். நம்ம பக்கம் கரண்ட் வந்தாத்தானே மெயிலைப் படிக்க!)

ராயபுரம் மருமகள்:

தம்பி, உங்களுக்காவது அரிசி டிரம். நான் ஹெட்செட்டை மாட்டிக்கிட்டே லாரித் தண்ணி பிடிச்சவ. 'வீட்லதானே இருக்கே'ன்னு ஒரு வார்த்தை இருக்கு பாருங்க, கேஸ்காரர் வந்தாலும் நான், மாமியாருக்கு மாத்திரையும் நான், பக்கத்து வீட்டுக் குழந்தையைக் கொஞ்ச நேரம் பாத்துக்கவும் நான். ஆபீஸ் திறந்ததும் முதல்ல ஓடினது நான்தான். அந்த மிஷின் டீ கழனித்தண்ணி மாதிரி இருக்கும். இருக்கட்டும், நான் போடாத டீ.

எனக்கு பீச் ஸ்டேஷன்ல பறக்கும் ரயில் ஏறி தரமணி. 2023 ஆகஸ்ட்ல நாலாவது பாதை வேலைன்னு பீச்சுக்கும் சிந்தாதிரிப்பேட்டைக்கும் நடுவுல நிறுத்திட்டாங்க, 2024 அக்டோபர்லதான் திரும்ப விட்டாங்க. ஒரு வருஷத்துக்கு மேல பஸ்ல தொங்கினேன். அப்பவும் வீட்லருந்து வேலை செய்யறேன்னு கேக்கல. அரைமணி முன்னாடி கிளம்ப மட்டும் விடுங்கன்னேன். விட்டாங்க, நல்லவங்க.

வியாசர்பாடி டிரைவர்:

தேரடி தம்பி, உன்ன மாதிரி பசங்கள ஏத்தினு போன கேப்ல ஒண்ணு என்னுது. உனக்கு 6.15 முதல் பிக்கப்புன்னா நான் அஞ்சு மணிக்கே வண்டிய எடுக்கணும். மழை பெஞ்சா கணேசபுரம் சுரங்கப்பாதை ரொம்பிடும், சுத்தினு வரணும், அன்னிக்கு நாலரை. நீங்கல்லாம் லேப்டாப்ப தூக்கினு வீட்டுக்குப் போனீங்க, எனக்கு வண்டி வீட்டு வாசல்லயே நின்னுச்சு. டியூ நிக்கல. ஆறு மாசம் காய்கறி மூட்டை ஏத்தி ஓட்னேன், சீட்டெல்லாம் வெங்காய வாசனை.

இப்போ மறுபடி ஆபீஸ் டிரிப்தான், வாரத்துல மூணு நாள். மீதி நாள் எது கெடைக்குதோ அது.

அப்புறம், நீ கனவு கண்ட கதை. பின்னாடி சீட்ல வாயப் பொளந்துனு தூங்குறது கண்ணாடில நல்லாவே தெரியும். நாங்க யாராண்டையும் சொல்ல மாட்டோம்.