சேலம் பக்கம் காலேஜ் பேஸ்கட்பால் டீமுக்குப் பிளேயர்களை எங்கே தேடுவது?

கேள்வி (மூன்றுரோடு):
பெரியார் பல்கலைக்கழகத்தின் கீழ் வரும் கலைக் கல்லூரி. அடுத்த ஜூனில் ஆண்கள், பெண்கள் இரண்டு டீமும் தொடங்க வேண்டும். பேர் தெரிந்த பிளேயர்கள் சென்னைக்கோ கோவைக்கோ போய்விடுகிறார்கள். சேலம், ஏற்காடு, நாமக்கல் வட்டாரத்திலேயே ஆட்களை எப்போது, எங்கே பார்ப்பது? ட்ரையலில் எதைக் கவனிப்பது? ட்யூஷன் ஃபீஸ் தள்ளுபடிக்கு நிர்வாகம் சரி சொல்லிவிட்டது. ஹாஸ்டலுக்கு இன்னும் சொல்லவில்லை.

குறுவட்டம்:
சார், மே மாசம் பிளஸ் டூ ரிசல்ட் வந்த பிறகு தேடினால் நேரம் போய்விட்டது என்று அர்த்தம். பள்ளிகளுக்குள் மாவட்டப் போட்டிக்கு முன்னால் நடக்கும் குறுவட்டப் போட்டியிலிருந்தே போய் உட்காருங்கள். மாவட்டம், மாநிலம் என்று மேலே போகும் டீமை எல்லாரும் பார்த்துவிடுவார்கள். முதல் மேட்ச்சிலேயே தோற்கும் பள்ளியில் ஒரே ஒருத்தன் நன்றாக ஆடுவான். அவன் குறுவட்டத்தோடு சரி, அதற்கு மேல் யார் கண்ணிலும் படமாட்டான்.

அதைவிட முக்கியமான வேலை ஒன்று இருக்கிறது. 19 வயதுக்குட்பட்டோர் என்ட்ரி பட்டியலோடு நிற்காமல், இரண்டு வருஷத்துக்கு முந்தைய 17 வயதுக்குட்பட்டோர் பட்டியலையும் பள்ளி பி.டி. சாரிடம் கேட்டு வாங்கி, பேருக்குப் பேர் ஒப்பிட்டுப் பாருங்கள். பழைய பட்டியலில் பேர் இருந்து, புதியதில் இல்லாதவர்கள்தான் உங்களுக்கு வேண்டியவர்கள். மார்க் குறையும் என்று பதினொன்றாம் வகுப்பிலேயே வீட்டில் விளையாட்டை நிறுத்தியிருப்பார்கள். மூச்சு வாங்கும், எடை கூடியிருக்கும். அதெல்லாம் இரண்டு மூன்று மாதத்தில் சரியாகும். கையில் பழகிய ட்ரிப்ளிங் அவ்வளவு சீக்கிரம் போகாது. இவர்களை வேறு எந்தக் கல்லூரியும் தேடி வராது.

இடதுகை:
ட்ரையலுக்கு முன்னால் ஒரு டேப் எடுத்துக்கொண்டு, அந்தப் பையன் பழகிய பள்ளியின் ரிங் உயரத்தை அளந்து பாருங்கள். 3.05 மீட்டர் இருக்க வேண்டும். கோர்ட்டுக்கு மேல் மேலாக சிமென்ட் பூசியதில் தரை ஏறி, ரிங் பத்து சென்டிமீட்டர் தாழ்ந்திருக்கலாம். அங்கே பழகியவன் உங்கள் கோர்ட்டில் போடும் ஷாட் எல்லாம் ரிங்கின் முன்பக்கம் இடித்துத் திரும்பும். அதை வைத்து அவனைக் கழித்துவிடாதீர்கள்.

உயரத்தை மட்டும் எழுதாமல், கையைத் தூக்கி நிற்கச் சொல்லி விரல் நுனி வரை அளந்து எழுதுங்கள். ரீபவுண்டுக்கு, அதாவது ரிங்கில் பட்டுத் திரும்பும் பந்தைப் பிடிப்பதற்கு, அதுதான் கணக்கு. பிறகு இடது கை லே-அப் (ஓடிவந்து எழும்பி ரிங்குக்குப் பக்கத்தில் போடும் ஷாட்) பத்து. ஐந்துகூட விழாவிட்டாலும் பரவாயில்லை, கால் வரிசை சரியா என்று பாருங்கள். இடது பக்கம் போகும்போது வலது காலில் எழும்ப வேண்டும். கால் மாறிப் பழகியதைத் திருத்தத்தான் ரொம்ப நாள் ஆகும்.

கடைசியில் அரைக் கோர்ட்டில் மூன்றுக்கு மூன்று விடுங்கள். ஐந்துக்கு ஐந்தில் ஒளிந்துகொள்ள இடம் உண்டு, இதில் கிடையாது. பந்தைப் பறிகொடுத்த அடுத்த இரண்டு விநாடியைப் பாருங்கள். இடுப்பில் கை வைத்து நிற்கிறானா, திரும்பி ஓடுகிறானா? பாயிண்ட் கணக்கைவிட நான் அதைத்தான் நம்புவேன்.

கொண்டை ஊசி:
ஏற்காட்டைப் பொறுத்தவரை ஒரு விஷயம். அங்கே உள்ள பெரிய ரெசிடென்ஷியல் பள்ளிகளில் கோர்ட் உண்டு, ஆனால் பிள்ளைகளில் பலர் வெளியூர். படிப்பு முடிந்ததும் ஊருக்குப் போய்விடுவார்கள். மலைக் கிராமத்து அரசுப் பள்ளிகளிலும் உண்டு உறைவிடப் பள்ளிகளிலும் பேஸ்கட்பால் ஆடியவர்களைத் தேடாதீர்கள். வாலிபால் ஆடுகிறவர்களையும் உயரம் தாண்டுகிறவர்களையும் பாருங்கள். எழும்பும் நேரம் தெரிந்தவர்களுக்கு ரீபவுண்டு, டிஃபன்ஸ் ஒரு வருஷத்தில் வரும். பந்தைத் தட்டிக்கொண்டு ஆட்டத்தை நடத்தும் பால் ஹேண்ட்லராக ஆக்க நினைக்காதீர்கள்.

இவர்களுக்கு ஹாஸ்டல் இல்லாமல் ஒன்றும் நடக்காது. சாயங்காலப் பிராக்டிஸ் முடித்து 20 கொண்டை ஊசி வளைவு ஏறி, அதற்கு அப்புறம் கிராமத்துக்கும் போக முடியாது. பெண்கள் டீமுக்கும் இதே பிரச்சினைதான். பெற்றோர் முதலில் கேட்பது ஃபீஸ் இல்லை, "பிராக்டிஸ் எத்தனை மணிக்கு முடியும்?" என்பதுதான். 4 முதல் 6 என்று எழுதிக் கொடுத்து, அதை மீறாமல் இருங்கள்.

ஃபைல்கட்டு:
சர்டிஃபிகேட்டை முதல் சந்திப்பிலேயே பாருங்கள். மார்க் ஷீட்டில் இனிஷியல் முன்னால், விளையாட்டுச் சான்றிதழில் பின்னால் அல்லது இல்லவே இல்லை. பிறந்த தேதி ஒரு நாள் வித்தியாசம். இதெல்லாம் பள்ளியில் இருக்கும்போதே திருத்தினால் சுலபம்.

சலுகையை வாயால் சொல்லாதீர்கள். ட்யூஷன் ஃபீஸ் மட்டுமா, எக்ஸாம் ஃபீஸும் சேர்த்தா, மெஸ் பில் யார் கட்டுவது, முழங்கால் அடிபட்டு ஒரு வருஷம் ஆட முடியாவிட்டால் தள்ளுபடி தொடருமா? நான்கையும் கல்லூரி லெட்டர்ஹெட்டில் கொடுங்கள். இரண்டாம் வருஷம் பிள்ளைகள் டீமை விட்டு விலகுவது பெரும்பாலும் இந்த நான்கில் ஒன்றால்தான்.

மூன்றுரோடு:
நன்றி. 12 சீட் கேட்கலாம் என்று இருக்கிறேன், சரியா?

குறுவட்டம்:
ஒரே வருஷத்தில் 12 வேண்டாம் சார். மூன்றாம் வருஷம் முடிந்ததும் 12 பேரும் ஒன்றாகப் போய்விடுவார்கள், மறுபடி முதலிலிருந்து. ஒரு டீமுக்கு வருஷம் 5 சீட் என்று கேளுங்கள், மூன்று வருஷத்தில் 15. அரியர், அடி என்று மூன்று பேர் குறைந்தாலும் 12 நிற்கும். முதல் வருஷம் மட்டும், ஏற்கெனவே உங்கள் கல்லூரியில் படிக்கிறவர்களில் பள்ளியில் ஆடியவர்களைத் தேடி மிச்ச இடத்தை நிரப்புங்கள். நோட்டீஸ் போர்டில் ஒட்டினால் வரமாட்டார்கள், வகுப்பு வகுப்பாகப் போய்க் கேட்க வேண்டும்.