கண்ணாடி ஏத்துன கார் எப்படிங்க பொது இடம் ஆகும்?

கோரிமேட்டான்:
போன ஞாயித்துக்கிழமை ராத்திரி ஏற்காட்டுல இருந்து இறங்கிட்டு இருந்தோம். 20 வளைவுல பாதி தாண்டியிருப்போம். ஒரு வளைவை ஒட்டி காரை ஓரங்கட்டினேன். சேலம் லைட் பூரா கீழ கொட்டிக் கிடக்கும்ல, அதைப் பாக்கத்தான். மச்சான் பின் சீட்டுல பீர் ஒண்ணைத் திறந்தார். ஓட்டணும்னு நான் தொடலைங்க. நாலு கண்ணாடியும் ஏத்தியிருந்தது, பாட்டுகூட இல்ல. ரோந்து ஜீப் வந்து கண்ணாடியைத் தட்டுனாங்க. பாட்டிலை வாங்கி ரோட்டோரமா கவுத்துட்டு, "பொது இடத்துல குடிக்கிறீங்களா"ன்னு சத்தம் போட்டாங்க. அப்புறம் வண்டி நம்பரை மெஷின்ல அடிச்சு, மெசேஜ் வரும் கட்டிருங்கன்னு அனுப்பிட்டாங்க. நான் தவணை கட்டுற கார், என் பேர்ல ஆர்சி. அதுக்குள்ள உக்காந்தா பொது இடமா? ஒரு ஈ காக்கா பாக்கல.

பழையகோர்ட்டு:
கார் உங்களுடையதுதான். அது நின்ற ரோடு யாருடையது? இந்தக் கேள்வி உச்ச நீதிமன்றம் வரை போய் வந்துவிட்டது தம்பி. ஜார்க்கண்டிலிருந்து, மதுவிலக்கு அமலில் இருந்த பீகாருக்குள் காரில் வந்தவர்களை நவாதா மாவட்டத்தில் நிறுத்தி ஊதச் சொன்னார்கள். குடித்திருந்தது தெரிந்தது, வண்டியில் பாட்டில் இல்லை. "சொந்த வண்டி பொது இடம் ஆகாது" என்று அவர்களும் வாதாடினார்கள். 2019 ஜூலையில் நீதிபதிகள் அசோக் பூஷண், கே.எம். ஜோசப் அமர்வு அதை ஏற்கவில்லை. உங்கள் காரில் ஏற மற்றவர்களுக்கு உரிமை கிடையாது. ஆனால் பொதுச்சாலையில் இருக்கும் வண்டியை யாரும் அணுக முடியும், அது போதும் என்றார்கள். ஜீப்காரர் கண்ணாடியைத் தட்ட முடிந்ததல்லவா?

தட்டுவடைசெட்:
அண்ணே, பாதியைச் சொல்லிட்டு மீதியை முழுங்கிட்டீங்க. அது பீகார் கலால் சட்டம். மக்கள் போகக்கூடிய எந்த இடமும் பொது இடம், உரிமையோட போனாலும் சரி இல்லாட்டியும் சரி, திறந்தவெளியும் சேரும்னு அதுல எழுதியே வெச்சிருக்காங்க. 2003 புகையிலைச் சட்டத்தை எடுத்துப் பாருங்க. அதே "உரிமையோட போனாலும் இல்லாட்டியும்" அங்கயும் வரும். ஆனா கடைசில திறந்தவெளி சேராதுன்னு முடிச்சிருப்பாங்க. அப்புறம் விதி போட்டு பஸ் ஸ்டாப், ஸ்டேடியம்னு கொஞ்சத்தைத் திருப்பி உள்ள இழுத்தாங்க. சொல்லு ஒண்ணு, அர்த்தம் சட்டத்துக்குச் சட்டம் வேற. நவாதா தீர்ப்பைக் கொண்டாந்து ஏற்காட்டு வளைவுல ஒட்டுனா ஒட்டுமா?

பழையகோர்ட்டு:
ஒட்டுமா என்று வாதாடலாம், தப்பில்லை. ஆனால் தம்பி "யாரும் பாக்கல" என்கிறாரே, அது வேறு கணக்கு. பொது இடம் என்பது ஒன்று. பொதுமக்கள் பார்வையில் படும் இடம் என்பது இன்னொன்று. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் சாதியைச் சொல்லி இழிவுபடுத்துவதற்கு இரண்டாவதைத்தான் கேட்கிறது. 2008இல் உச்ச நீதிமன்றம் இதைப் பிரித்துச் சொன்னது: வீட்டு வாசல் கேட் அருகே நின்று திட்டினால், இடம் தனியாருடையதாக இருந்தாலும் அது பொதுப் பார்வையில் படும் இடம். 2025 ஜனவரியில் லால்குடி வழக்கில் சம்பவம் நடந்தது அரசு அலுவலகத்தின் அறைக்குள். அந்த நேரம் வெளியாள் யாரும் இல்லை என்பதால் வழக்கு ரத்தானது. அரசுக் கட்டடம், ஆனால் பொதுப் பார்வை இல்லை. உங்கள் விஷயத்தில் கேட்பது இடத்தை, கண்களை அல்ல.

மிளகுக்கொடி:
குறுக்க வர்றதுக்கு மன்னிக்கணும். நாங்க மலைமேல சின்னதா காப்பித் தோட்டம் வெச்சிருக்கோம். ரோடு எங்களுது, சங்கிலி போட்ட கேட்டும் உண்டு. ஆனா சங்கிலி பேருக்குத்தான், கீழ ஊர்ல இருந்து பஸ்ஸுக்கு வர்றவங்க எங்க தாத்தா காலத்துல இருந்து அது வழியாத்தான் நடக்குறாங்க. போன அறுவடையப்போ காப்பிப்பழம் ஏத்துன டிராக்டர் பின்னால வந்து, நடந்து போன ஒருத்தர் கால்ல ஏறிடுச்சு. இன்சூரன்ஸ்ல "இது தனியார் இடம், மூன்றாம் நபர் காப்பீடு பொது இடத்துக்குத்தான்"னு கையை விரிச்சுட்டாங்க. கோரிமேட்டான் தம்பி ஜெயிச்சா அந்த மனுஷனுக்கு என்ன வழிங்க?

பழையகோர்ட்டு:
இதைத்தான் சொல்ல வந்தேன். மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 2(34): பொதுமக்களுக்குச் செல்ல உரிமையுள்ள சாலை, தெரு, வழி அல்லது வேறு இடம். "உரிமை" என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் காப்பீட்டுத் தரப்பு தொங்கும். ஆனால் அதற்கு முந்தைய சட்டம் இருந்த காலத்திலேயே பம்பாய் உயர் நீதிமன்ற முழு அமர்வு, தனியார் இடமானாலும் பொதுமக்கள் போய்வர முடிந்தால் போதும், அது கட்டுப்பாட்டோடு இருந்தாலும் சரி என்று விரித்துச் சொல்லியிருக்கிறது. சங்கிலி இருப்பது மட்டும் உங்களுக்கு எதிராகாது. தினமும் அந்த வழியில் நடப்பவர்கள் நாலு பேரைச் சாட்சிக்குக் கொண்டு வாருங்கள்.

தட்டுவடைசெட்:
அந்த அண்ணன் காலுக்கு விரிச்சு அர்த்தம் சொல்லுங்க, வேண்டாங்கல. நஷ்டஈடு குடுக்க ஒரு சொல்லை விரிக்கிறது வேற, ஒருத்தனைக் குத்தவாளி ஆக்க விரிக்கிறது வேற. குத்தச் சட்டத்தைச் சந்தேகம் வந்தா இறுக்கித்தான் படிக்கணும். இன்னொண்ணு. பழைய இந்திய தண்டனைச் சட்டத்துல 510ஆம் பிரிவு, இப்ப அதுக்குப் பதிலா வந்த நியாய சன்ஹிதாவுல 355. குடிச்சுட்டு பொது இடத்துக்கு வந்தா மட்டும் பத்தாது, அடுத்தவங்களுக்குத் தொந்தரவு ஆகுற மாதிரி நடக்கணும். தண்டனையும் 24 மணி நேரம், இல்லாட்டி 1000 ரூபா வரைக்கும் அபராதம், இல்லாட்டி சமூகச் சேவை, அவ்வளவுதான். வெள்ளைக்காரன் எழுதுனப்போ அந்த அபராதம் 10 ரூபா! அதே பழைய சட்டத்துல ஆபாசப் பேச்சுக்கான 294லயும் அதே கதைதான். மத்தவங்களுக்குத் தொந்தரவு ஆச்சுன்னு நிரூபிக்கணும்னு 1996லயே உச்ச நீதிமன்றம் சொல்லிருச்சு. மச்சான் யாரைத் தொந்தரவு பண்ணாரு? மலையையா?

பழையகோர்ட்டு:
நன்றாகத்தான் பேசுகிறீர்கள். ஆனால் 1937ஆம் வருஷத்து மதுவிலக்குச் சட்டம் இன்றும் தமிழ்நாட்டில் உயிரோடு இருக்கிறது. பொது இடத்தில் போதையில் காணப்பட்டாலே அதில் குற்றம், தொந்தரவு கேட்பதில்லை. அரசே கடை வைத்து விற்கும் ஊரில் அந்தப் பெயரில் ஒரு சட்டம் இருப்பது எனக்கும் சிரிப்புதான். அதனால் வாதத்தை நிறுத்திவிட்டு, மெசேஜில் என்ன பிரிவு போட்டிருக்கிறார்கள் என்று முதலில் பாருங்கள்.

கோரிமேட்டான்:
இப்பத்தான் திறந்து பாத்தேன். மோட்டார் வாகனச் சட்டம் 122ன்னு இருக்கு. ஆபத்தான இடத்துல வண்டியை நிறுத்துனதாம், 500 ரூபா. குடிச்சதைப் பத்தி ஒரு எழுத்து இல்லைங்க. மச்சான், அப்ப பீர் காசை யாரு குடுப்பாங்கன்னு கேக்குறார்.

பழையகோர்ட்டு:
122இலும் "பொது இடத்தில்" என்றுதான் இருக்கிறது.

தட்டுவடைசெட்:
அது ரோடுங்கண்ணே, அதுக்கு நான் சண்டைக்கு வரல. ஏப்பா கோரிமேடு, இருட்டுல, அதுவும் வளைவுலயா கொண்டுபோய் நிறுத்துவ?