நாகேஷ் கதை சொல்லும் காட்சிக்குச் சிரிப்பு வராதது என் குற்றமா?

வடுவூர் வாத்து:
யாரும் அடிக்க வராதீர்கள். தீபாவளி மழையில் வயல் பக்கம் போக முடியாமல் வீட்டில் கிடந்தபோது ‘காதலிக்க நேரமில்லை’ படத்தை முதல் தடவையாக முழுசாகப் பார்த்தேன். 1964இல் ஸ்ரீதர் எடுத்தது. ஊரே புகழ்கிற காட்சி, தான் எடுக்கப்போகும் படத்தின் திகில் கதையை நாகேஷ் தன் அப்பாவாக வரும் பாலையாவிடம் சொல்வாரே, அதற்கு எனக்கு வாய் லேசாகக் கோணியது, அவ்வளவுதான். பக்கத்தில் என் அப்பா கண்ணில் நீர் வரச் சிரிக்கிறார். நான் தேமே என்று உட்கார்ந்திருக்கிறேன். பழைய காமெடிக்கு நாம் மரியாதைக்காகத்தான் சிரிக்கிறோமோ?

கும்பகோணம் டிகிரி:
அது என்ன முதல் தடவை? அந்தக் காட்சியை டிவியிலும் ஃபோனிலும் துண்டு துண்டாக எத்தனை முறை பார்த்திருப்பாய்! விடை தெரிந்த விடுகதைக்கு யாருக்குச் சிரிப்பு வரும்?

வடுவூர் வாத்து:
அப்பா நூறு தடவை பார்த்தவர். அவருக்கு மட்டும் எப்படி வருகிறது?

நீடாமங்கலம் ஜங்ஷன்:
நல்ல கேள்வி தம்பி. நான் இந்தப் படத்தை டூரிங் டாக்கீஸில் மணலைக் குவித்து அதன்மேல் உட்கார்ந்து பார்த்தவன். படம் எங்கள் பக்கம் வரும்போதே பழசாகிவிட்டது, பிரிண்டில் மழை கொட்டியது. அப்படியும் கொட்டகை அதிர்ந்தது.

நீ நாகேஷையே பார்த்திருக்கிறாய், அதுதான் கோளாறு. அந்தக் காட்சியில் பேயும் கிடையாது, பாழடைந்த பங்களாவும் கிடையாது. சத்தமெல்லாம் நாகேஷின் வாயிலிருந்து வருகிறது, பயமெல்லாம் பாலையாவின் முகத்தில் நடக்கிறது. நம் ஊர்க் கோயில் திருவிழாவில் பார்த்திருப்பாயே, ஒத்து ஊதுகிறவர் ஒரே சுருதியைப் பிடித்துக்கொண்டு நிற்பார். தவில்காரர் அப்படி இல்லை. நாயனம் ஒரு பிடி பிடித்து மூச்சு வாங்கும் இடைவெளிக்காகக் காத்திருந்து, அங்கே சரியாக வந்து விழுவார். பாலையா அங்கே செய்வது தவில் வேலை. 1936இல் ‘சதி லீலாவதி’யில் தொடங்கி எத்தனையோ வில்லன் வேஷம் கட்டிய மனுஷன், பயமுறுத்தத் தெரிந்தவருக்குப் பயப்படவும் தெரியாதா? 1968இல் ‘தில்லானா மோகனாம்பா’ளில் அவரே தவிலோடு வந்து உட்கார்ந்தபோது எனக்கு ஆச்சரியமே இல்லை.

திருவையாறு தோசைக்கல்:
தவில் உவமை அருமை அண்ணே, ஆனால் ஒரு காட்சியை வைத்தே முழுப் படத்தையும் கரையேற்றாதீர்கள். பணக்கார மாப்பிள்ளைதான் வேண்டும் என்கிற பாலையாவை ஏமாற்ற முத்துராமன் கிழவர் வேஷம் போடுவது எனக்கு இழுவையாகத்தான் இருந்தது. காஞ்சனாவுக்கும் ராஜஸ்ரீக்கும் காமெடியில் பங்கு இன்னும் கொடுத்திருக்கலாம். நான் வாய்விட்டுச் சிரித்தது வேறு இடத்தில். வேலையை விட்டு நீக்கிய முதலாளியின் வீட்டெதிரே ரவிச்சந்திரன் கூடாரம் போட்டு, வேலை கொடு என்று பாடுகிறாரே, அங்கே. காவிரித் தண்ணீர் கேட்டு நடக்கும் சாலை மறியலைப் பார்த்தே வளர்ந்தவளுக்கு அது பழசாகவே தெரியவில்லை.

கும்பகோணம் டிகிரி:
எங்கள் தாத்தா இந்தப் படத்தில் பார்த்தது மலையைத்தானாம். ஆழியாறு பக்கம் ஈஸ்ட்மென் கலரில் எடுத்தது அல்லவா? தஞ்சாவூர்ச் சீமையில் ஏது மலை! சரி, வாத்து எங்கே காணோம்?

நீடாமங்கலம் ஜங்ஷன்:
தம்பி, நாகேஷைப் பார்க்காமல் இன்னொரு தடவை பார். அப்புறம் பேசுவோம்.

வடுவூர் வாத்து:
பார்த்தேன். பழக்கதோஷத்தில் கண் நாகேஷிடமே போனதால், எழுந்துபோய் டிவி பக்கத்தில் நின்று அவர் முகத்தைக் கையால் மறைத்துக்கொண்டேன். ஒப்புக்கொள்கிறேன், இரண்டு இடத்தில் சத்தமாகவே சிரித்துவிட்டேன். ஆனால் ஜங்ஷன் ஐயா, வகுப்பெடுத்து வரவழைக்கிற சிரிப்பைக் கணக்கில் சேர்க்கலாமா? அந்தச் சந்தேகத்தை விடமாட்டேன்.

அப்பாவுக்கு அந்தச் சந்தேகமெல்லாம் இல்லை. “கையை எடுடா, மறைக்குது” என்கிறார்.