நெடுவரிசை கண்ணெதிரே இருக்கிறது, நிரல் இல்லை என்கிறது – அவசரம்

எருக்கடை | செவ்வாய் இரவு 9.40
நாளைக் காலையில் கடையில் நிரலை ஓட்டிக் காட்ட வேண்டும். தரவுத்தளத்தின் 'இருப்பு' அட்டவணையில் 'பொருள்' என்று ஒரு நெடுவரிசை இருக்கிறது. ஆனால் நிரலை ஓட்டினால் அப்படி ஒரு நெடுவரிசையே இல்லை என்று பிழை வருகிறது. எழுத்துக் கூட்டி மூன்று முறை பார்த்துவிட்டேன். தெரிந்தவர்கள் உடனே சொல்லுங்கள்.

மின்கம்பி | 9.52
எந்தத் தரவுத்தளம்? நிரல் எந்த மொழியில்? அட்டவணையை உருவாக்கியது யார்? இவை தெரியாமல் சொல்வதற்கு நான் ஜோதிடம் படிக்கவில்லை.

பழையகை | 9.58
தம்பி, இது ஒரு நிமிட வேலை. மேற்கோள் இல்லாத பெயர்களை ஆரக்கிள் தரவுத்தளம் பெரிய எழுத்தாக்கிக்கொள்ளும். போஸ்ட்கிரெஸ் தரவுத்தளம் சிறிய எழுத்தாக்கிக்கொள்ளும். பெயரை இரட்டை மேற்கோளுக்குள் வைத்தால் முடிந்தது. இதை இங்கே எத்தனை முறை எழுதியிருக்கிறேன்! தேடிப் பார்த்துவிட்டுக் கேட்கும் பழக்கம் யாருக்கும் இல்லை.

மின்கம்பி | 10.01
ஐயா, 'பொருள்' என்பதில் எது பெரிய எழுத்து?

பழையகை | 10.06
பொதுவாகச் சொன்னேன். தமிழில் பெயர் வைத்ததே முதல் தவறு. நெடுவரிசைக்கு ஆங்கிலத்தில் பெயர் வைத்திருந்தால் இந்த இழையே தேவைப்பட்டிருக்காது.

வரப்போரம் | 10.11
பெயர் நீளமாகிவிட்டதோ? போஸ்ட்கிரெஸில் ஒரு பெயருக்கு 63 பைட்தான் இடம். எழுத்துகளைச் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் தமிழின் ஒவ்வொரு குறியும் 3 பைட் பிடிக்கும். புள்ளியும் கொம்பும் தனித்தனிக் கணக்கு. நான் ஒருமுறை 'கூட்டுறவுக்கடன்_நிலுவைத்தொகை' என்று வைத்தேன். 82 பைட். அது 'கூட்டுறவுக்கடன்_நிலுவ' என்று வெட்டிக்கொண்டது. பிழை வராது, ஓர் அறிவிப்பு மட்டும் வரும். அதை யார் படிக்கிறார்கள்?

மின்கம்பி | 10.14
'பொருள்' 18 பைட்தானே? அது காரணம் ஆகாது.

எருக்கடை | 10.30
போஸ்ட்கிரெஸ், பைத்தான். நிரலில் வகுப்பு (கிளாஸ்) ஒன்றில் எழுதும் பெயரே நெடுவரிசைப் பெயராகப் போகிறது. அட்டவணையை முன்பு கணக்கு எழுதியவர் உருவாக்கிக் கொடுத்தார். மேற்கோள் போட்டும் பயனில்லை. 'அளவு', 'விலை' இரண்டும் ஒழுங்காக வருகின்றன. 'கொள்முதல்_தேதி'யும் வரவில்லை, இப்போதுதான் கவனித்தேன். தரவுத்தளத்தில் இருக்கும் பெயரையே நகலெடுத்து வகுப்பில் ஒட்டினேன். அப்போதும் இல்லை என்கிறது! பேய் பிடித்ததுபோல் இருக்கிறது.

பழையகை | 10.33
இதை முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும்.

நெல்லிமரம் | 10.47
பேய் இல்லை, ஒகரம். வராத இரண்டு பெயர்களையும் பாருங்கள்: பொருள், கொள்முதல். வரும் இரண்டிலும் 'ொ' இல்லை.

யூனிகோடில் 'பொ'வை இரண்டு விதமாக எழுதலாம். 'ொ' என்ற ஒரே குறியாக இடலாம். ஒற்றைக்கொம்பையும் துணைக்காலையும் தனித்தனியாகவும் இடலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். பழைய எழுத்துருவிலிருந்து மாற்றிய உரையில் இரண்டாவது வகையை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். போஸ்ட்கிரெஸ் பைட்டுகளை அப்படியே ஒப்பிடும், ஆகவே அதற்கு இவை வேறு வேறு பெயர்கள்.

நகலெடுத்து ஒட்டியும் ஏன் வரவில்லை என்றால், பைத்தான் மாறிகளின் பெயர்களையும் வகுப்புக்குள் வைக்கும் பெயர்களையும் தானே ஒரே வடிவுக்குக் கொண்டுவந்துவிடும். 2007இல் எழுதப்பட்ட பெப் 3131 என்ற பைத்தான் மேம்பாட்டு ஆவணத்தின் விதி அது. நீங்கள் பிரிந்த 'ொ'வை ஒட்டினாலும் பைத்தான் சேர்த்துவிடும். மேற்கோளுக்குள் இருக்கும் எழுத்துத்தொடர்களை (சரங்களை) மட்டும் அது தொடாது.

சோதிக்க: தரவுத்தளம் தன் நெடுவரிசைப் பெயர்களைக் காட்டும் இன்ஃபர்மேஷன் ஸ்கீமாவிலிருந்து அந்தப் பெயரை எடுத்து அதன் பைட் நீளத்தைப் பாருங்கள். 18 என்றால் நான் சொன்னது தவறு. 21 என்றால் கொம்பும் காலும் பிரிந்திருக்கின்றன. பிறகு ஆல்டர் டேபிள் கட்டளையில் நெடுவரிசைக்கு மறுபெயர் கொடுங்கள். பழைய பெயரைத் தட்டச்சு செய்யாமல் அங்கிருந்தே நகலெடுங்கள்.

பழையகை | 10.55
நான் சொன்னதும் இதுதான். ஆங்கிலம்.

வரப்போரம் | 11.02
ஆங்கில எழுத்தில் தமிழை எழுதச் சொல்கிறீர்களா? எங்கள் அலுவலகத்தில் 'தொகை'க்கு மூன்று எழுத்துக்கூட்டு உண்டு. தகரத்துக்கு 'டி' போதும் என்பார் ஒருவர், 'டிஎச்' வேண்டும் என்பார் இன்னொருவர். 'கை'க்கு 'கே'யா 'ஜி'யா என்பது இன்னும் தீரவில்லை. மூன்றும் ஒரே தரவுத்தளத்தில் இருக்கின்றன.

மின்கம்பி | 11.05
தமிழில் வைத்தால் மட்டும் சண்டை இல்லையா? அட்டவணைக்குப் பன்மையில் பெயர் வைக்கலாம் என்றேன். பொருள்களா பொருட்களா என்று ஒரு மதியம் முழுதும் போனது.

வரப்போரம் | 11.07
பொருள்கள். 'நாட்கள்' என்றால் நாள்பட்ட கள் என்று எங்கள் தமிழாசிரியர் அடிக்கடி சொல்வார்.

மின்கம்பி | 11.09
அட்டவணைப் பெயரைக் குடித்துவிட்டு யாரும் மயங்கப் போவதில்லை. அதைவிட எனக்கு வேறொரு சந்தேகம்: விலை_பட்டியலா, விலைப்_பட்டியலா? இடையில் அடிக்கோடு வந்தால் வல்லினம் மிகுமா?

வரப்போரம் | 11.12
மிகும். அடிக்கோடு நிறுத்தக்குறி இல்லையே, சொல் ஒன்றுதான்.

நெல்லிமரம் | 11.15
மிகாமல் வைப்பதுதான் நல்லது. 'விலை' என்று தேடுபவருக்கு அது தனிச்சொல்லாகக் கிடைக்க வேண்டும். நிரலில் இலக்கணத்தைவிடத் தேடல் முக்கியம் என்பது என் எண்ணம், புலவர்கள் மன்னிக்கட்டும்.

வரப்போரம் | 11.16
மன்னிக்க மாட்டார்கள்.

எருக்கடை | புதன் காலை 6.20
21. இரண்டையும் மாற்றிவிட்டேன், ஓடுகிறது. நெல்லிமரம் அண்ணனுக்கு நன்றி. கடை திறக்க நேரமாகிவிட்டது.

நெல்லிமரம் | 8.05
ஔகாரம் வரும் பெயர் ஏதாவது இருந்தால் அதையும் பாருங்கள். 'கௌரவம்' என்பதைக் கொம்போடு ளகரம் சேர்த்து 'கெளரவம்' என்று பலர் எழுதிவிடுவார்கள். அது உண்மையிலேயே வேறு எழுத்து. பைத்தானும் சேர்த்துத் தராது. உங்கள் உறுப்பினர் அட்டவணையில் அப்படி ஏதாவது இருக்கிறதா?

பழையகை | 8.40
போய்விட்டார். காரியம் முடிந்ததும் இப்படித்தான்.